பால்ரூம், லத்தீன் நடனம்: புதிதாகச் சேர்வோர் கேட்கும் கேள்விகள்

நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் தொடக்க வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வாரத்தில் ஒரு மாலை, அதே போன்ற ஒரு வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக இருந்து புதியவர்களுடன் ஆடுகிறேன். வகுப்பு முடிந்ததும் தமிழர்கள் அருகில் வந்து தமிழிலேயே சந்தேகம் கேட்பார்கள். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பால்ரூம் என்பது எது, லத்தீன் என்பது எது?

போட்டிகளில் ஆடப்படும் இணை நடனங்கள் மொத்தம் பத்து. வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் ஆகிய ஐந்தும் பால்ரூம் பிரிவைச் சேர்ந்தவை; சா-சா-சா, ரும்பா, சாம்பா, பாசோ டோப்லே, ஜைவ் ஆகிய ஐந்தும் லத்தீன் பிரிவைச் சேர்ந்தவை. பால்ரூமில் இருவரும் நெருங்கி நின்று, பிடியை விடாமல், கூடத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். லத்தீனில் பெரும்பாலும் சற்று விலகி நின்று, கையால் மட்டும் தொடர்பு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ஆடுவார்கள். சாம்பாவும் பாசோ டோப்லேயும் இதற்கு விலக்கு, அவை இரண்டும் கூடத்தைச் சுற்றி வரும்.

பெயரை வைத்து நடனம் பிறந்த ஊரைத் தீர்மானிக்க முடியாது. டாங்கோ தென்னமெரிக்காவில், அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பிறந்தது. ஆனாலும் அது பால்ரூம் பிரிவில் இருக்கிறது. ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது. அதை லத்தீனில் சேர்த்திருக்கிறார்கள். இவ்வாறு பிரித்து, ஒவ்வோர் அடிக்கும் பெயரிட்டுப் பாடமாக்கியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து ஆசிரியர்கள். லண்டனில் 1904இல் தொடங்கப்பட்ட இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் 1924இல் பால்ரூமுக்கெனத் தனிக் கிளை அமைத்தது. சிங்கப்பூரில் நீங்கள் பெரும்பாலும் கற்கப்போவது அந்த மரபில் வந்த 'இன்டர்நேஷனல்' முறையைத்தான்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. அமெரிக்காவில் வேறொரு முறை வழக்கில் உள்ளது. அங்கே ரும்பாவின் அடிப்படை அடி சதுர வடிவில், மெதுவான ஓர் அடியும் விரைவான இரண்டு அடிகளுமாகப் போகும்; இங்கே கற்பிக்கப்படும் ரும்பா அப்படி இல்லை. வகுப்பில் ஒன்றைக் கற்றுவிட்டு இரவில் யூடியூபில் மற்றொன்றைப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள் பலர். காணொளியைப் பார்ப்பதற்கு முன் அது எந்த முறை என்று பாருங்கள். சல்சாவும் பச்சாட்டாவும் இந்தப் பத்தில் சேராத தனி நடனங்கள். அவற்றுக்குத் தனி வகுப்புகள் நடக்கின்றன.

இது நம் ஊருக்குப் புதிய பழக்கமா?

இல்லை. ஜாலான் புசார் பகுதியில் 1923இல் திறக்கப்பட்ட நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவிலும், கிம் செங் சாலையில் இருந்த கிரேட் வோர்ல்டிலும், 1937இல் கேலாங் பக்கம் தொடங்கிய ஹேப்பி வோர்ல்டிலும் நடனக் கூடங்கள் இருந்தன. அங்கே சீட்டு வாங்கி, அதைக் கொடுத்து, நடன மாதருடன் ஒரு பாட்டுக்கு ஆடலாம். நியூ வோர்ல்டு இருந்த இடத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. பழைய நுழைவாயிலை அங்கே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.

முதல் வகுப்பில் என்ன கற்றுத்தருவார்கள்?

நடக்கக் கற்றுத்தருவார்கள். இந்தப் பதிலைக் கேட்டுப் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள், ஆனால் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதிலேயே முக்கியமானது இதுதான்.

என் முதல் வகுப்பில் எங்கள் ஆசிரியர், எழுபதை நெருங்கிய சீனப் பெண்மணி, என்னை வலது காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். குனிந்து என் இடது பாதத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகப் பார்த்தார், நுழையவில்லை. பாதத்தைத் தூக்கச் சொல்லி, தாளை வைத்து, மறுபடி நிற்கச் சொல்லி இழுத்தார். தாள் பாதியாகக் கிழிந்து வந்தது. வலது காலில் நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடல் எடையில் பாதி இன்னும் இடது காலில்தான் இருந்தது. அன்றைய ஒரு மணி நேரமும் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுதாக மாற்றுவதிலேயே போயிற்று. கடைசியில் தாள் கிழியாமல் உருவி வந்தபோது அவர் அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெளிவாக இல்லையென்றால் அடுத்து எந்தக் காலை எடுப்பது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் கையைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது. 'அடி மறந்துவிட்டது' என்று வருந்துவோரில் பெரும்பாலோருக்கு அடி மறப்பதில்லை; எடை இரண்டு கால்களுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது.

எந்த நடனத்தில் தொடங்குவது நல்லது?

பால்ரூமில் வால்ட்ஸ், லத்தீனில் சா-சா-சா. வால்ட்ஸ் மெதுவானது, முன்னே ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, கால் சேர்ப்பு என்ற மூன்று அசைவுகளிலேயே பாட்டு முழுவதையும் ஆடிவிட முடியும். சா-சா-சாவில் இருவரும் விலகி நிற்பதால் ஒருவர் தவறினாலும் மற்றவர் தடுமாறுவதில்லை. பாட்டும் உற்சாகமாக இருக்கும். ரும்பா மெதுவாக இருப்பதால் எளிது என்று எண்ணி அதில் தொடங்க விரும்புவோர் உண்டு. மெதுவாக இருப்பதனாலேயே அதில் ஒவ்வொரு குறையும் வெளியே தெரியும். அதற்கு ஆறு மாதம் காத்திருக்கலாம். ஸ்லோ ஃபாக்ஸ்டிராட்டுக்கு இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். குவிக்ஸ்டெப், வியன்னா வால்ட்ஸ் இரண்டையும் மூச்சுக்கும் முழங்காலுக்கும் பழக்கம் வந்தபின் எடுங்கள்.

எனக்குத் தாள ஞானமே இல்லை. கற்க முடியுமா?

தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குத் தாளம் முற்றிலும் புதிதாக இருப்பது அரிது. கோயிலில் தவிலையோ உறுமியையோ கேட்டுக் கால் தானாக அசைந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.

வால்ட்ஸ் மூன்று தட்டுச் சுற்று. 'தகிட, தகிட' என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு 'த'விலும் பாட்டு அழுத்திச் சொல்வது காதில் விழும். போட்டி வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 சுற்று. வியன்னா வால்ட்ஸும் அதே மூன்றுதான், ஆனால் நிமிடத்துக்கு 58 முதல் 60 சுற்று. அதாவது ஏறக்குறைய இரு மடங்கு வேகம்.

சா-சா-சா நான்கு தட்டுச் சுற்று, 'தகதிமி'. இங்கேதான் புதியவர்கள் சிக்குகிறார்கள், ஏனென்றால் ஆட்டத்தின் முன்னடி 'த'வில் விழுவதில்லை, 'க'வில் விழுகிறது. ஆசிரியர்கள் 'டூ, த்ரீ, ஃபோர் அண்ட் ஒன்' என்று எண்ணுவார்கள்: இரண்டாம் தட்டில் ஓர் அடி, மூன்றாம் தட்டில் ஓர் அடி, நான்காம் தட்டை இரண்டாகப் பிளந்து இரு சிற்றடிகள், அடுத்த சுற்றின் முதல் தட்டில் ஒரு முழு அடி. அந்தக் கடைசி மூன்றும் சேர்ந்ததே 'சா-சா-சா'. கியூபாவின் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொர்ரின் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை இது; ஆடுவோரின் பாதங்கள் தரையில் உராய்ந்த ஓசையே அதற்குப் பெயராயிற்று என்பார்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை நான் வேறு விதமாகச் சொல்வேன்: எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லாமல் தள்ளி வரும் பாட்டுகள் இருக்கின்றன அல்லவா, அப்படித்தான் இந்த அடியும் தள்ளி வருகிறது. இதைக் கேட்டவுடன் முகம் மலர்ந்து, அதே மாலையில் சரியாக ஆடிய ஓர் அக்காவை எனக்குத் தெரியும். அதுவரை மூன்று வாரம் அவர் 'த'விலேயே காலை வைத்துக்கொண்டிருந்தார்.

ரும்பாவும் அப்படியே. 'க', 'தி', 'மி' மூன்றிலும் அடி எடுத்து வைத்து, 'த'வில் அடி எடுக்காமல் இடுப்பு அமர விட வேண்டும்.

கால் எடுத்து வைப்பதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். எம்ஆர்டி ரயில் பயணத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு விரலால் தொடையில் தட்டிவந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பரதநாட்டியம் கற்றிருக்கிறேன். எளிதாக இருக்குமா?

தாளமும், அடிகளை நினைவில் வைத்துக்கொள்வதும், நிமிர்ந்த முதுகும் உங்களுக்கு முன்பே கைவந்திருக்கும். மூன்று பழக்கங்களை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். அரைமண்டியில் முழங்கால்கள் வெளிப்புறம் மடிந்திருக்கும். ரும்பாவிலும் சா-சா-சாவிலும் எடை ஏறும் கால் நேராக நீட்டப்பட வேண்டும். பரதத்தில் பாதம் தரையைத் தட்டும். இங்கே பாதம் தரையைத் தடவிக்கொண்டு போகும். மூன்றாவதுதான் கடினம்: நீங்கள் தனியாக ஆடியே பழகியவர். அடுத்த அடி என்னவென்று தெரிந்திருந்தும், இணையின் குறிப்பு வரும்வரை காத்திருப்பது நல்ல நாட்டியக்காரருக்குத்தான் பெரும்பாடாக இருக்கிறது.

இணை இல்லாமல் தனியாகச் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். பெரும்பாலான தொடக்க வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இணையை மாற்றிவிடுவார்கள். கணவனும் மனைவியுமாக வருவோர் மாறாமல் இருக்க அனுமதி கேட்பதுண்டு; நாங்களும் அப்படித்தான் கேட்டோம், அது தவறு. இரண்டு மாதங்களில் நாங்கள் ஒருவர் பிழைக்கு மற்றவர் பழகிக்கொண்டு, இருவரும் சரியாக ஆடுவதாக நம்பிவிட்டோம். வேறு ஒருவருடன் ஆடிய முதல் நாளே இருவர் குறையும் வெளிவந்துவிட்டது.

நான் பார்த்த வகுப்புகளில் பெண்களே அதிகம். ஆகவே பெண்கள் சிலர், வழக்கமாக ஆண்கள் ஏற்கும் நடத்தும் பங்கைக் கற்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரு பங்கும் தெரிந்தவர்களே பின்னாளில் நன்றாக ஆடுகிறார்கள்.

முன்பின் தெரியாதவரின் கையைப் பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

அதிகம் பேர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவரை நான் ஒருபோதும் பழைமைவாதி என்று நினைத்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வணங்கியே வளர்ந்தவர்களுக்கு, திடீரென்று ஒருவரின் தோளில் கை வைப்பது எளிதாக வந்துவிடாது.

முதலில், வகுப்பில் தொடுதலுக்கு எல்லை உண்டு. பால்ரூம் பிடியில் ஒருவரின் கை மற்றவரின் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும். அது முதுகின் மேல்பகுதி, இடுப்பு அன்று. போட்டி ஆட்டக்காரர்களைப் போல் உடலோடு உடல் ஒட்டி நிற்க வேண்டிய தேவை தொடக்கநிலையில் இல்லை. இடையில் ஒரு சாண் விட்டு ஆடலாம். சா-சா-சாவிலும் ஜைவிலும் பெரும்பாலும் கைகள் மட்டுமே தொடும். தயக்கம் உள்ளவர்கள் லத்தீனில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

அடுத்து, 'எனக்கு இவ்வளவு தூரம் வசதி' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. யாராவது பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கினால் கையை விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னதைக் காதில் வாங்காத ஆசிரியரின் வகுப்பில் தொடர வேண்டியதில்லை. ஆண்களுக்கும் ஒரு சொல்: கையைக் கேட்டு வாங்குங்கள், பாட்டு முடிந்ததும் விடுங்கள், நன்றி சொல்லுங்கள்.

பெற்றோருக்கு இது உறுத்தலாக இருக்குமென்று தயங்கும் இளையோர், அவர்களை ஒரு நாள் வகுப்புக்கே அழைத்து வரலாம். என் மாமியார் அப்படி வந்து, கடைசி வரிசை நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: 'இவ்வளவு நேரமும் எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே.'

'நடத்துதல்', 'தொடர்தல்' என்றால் என்ன? ஒருவர் இழுக்க மற்றவர் போவதா?

இழுத்தால் நடனம் கெட்டுவிடும். நடத்துபவர் தன் உடலின் நடுப்பகுதியை எந்தத் திசைக்கு நகர்த்துகிறாரோ அது பிடியின் வழியாகத் தொடர்பவருக்குப் போய்ச் சேருகிறது. கை அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் பாதை மட்டுமே. கையில் அளவான இறுக்கம் வேண்டும். நிரம்பிய தண்ணீர்க் கிண்ணத்தை இருவர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போவதை எண்ணிப் பாருங்கள்: கை தளர்ந்தால் கிண்ணம் நழுவும், விறைத்தால் தண்ணீர் தளும்பும். தொடர்பவரின் வேலையும் சும்மா இருப்பதன்று. கிடைத்த செய்தியைத் தன் காலால், தன் எடையால், சரியான தட்டில் நிறைவேற்றுவது அவர்தான்.

காலணி வாங்க வேண்டுமா?

முதல் மாதம் வேண்டாம். வழுவழுப்பான அடி கொண்ட, குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணி எதுவும் போதும். ரப்பர் அடி கொண்ட ஓட்டக் காலணியைத் தவிருங்கள்: திரும்பும்போது ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும், உடல் திரும்பிவிடும், இரண்டுக்கும் நடுவில் முழங்கால் முறுக்கப்படும். செருப்பு கூடவே கூடாது.

தொடர்வது என்று முடிவான பின் சுவேட் தோல் அடி வைத்த நடனக் காலணி வாங்குங்கள். பெண்களுக்கு லத்தீன் காலணியில் குதி இரண்டரை, மூன்று அங்குலம்கூட வரும். தொடக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். ஆண்களுக்கு லத்தீன் காலணியின் குதி ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், பால்ரூமுக்கு ஓர் அங்குலம். சுவேட்டுக்கு ஈரம் ஆகாது. நம் ஊர் மழையில் அதை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தால் ஒரே நாளில் அடி பாழாகும். பையில் வைத்துக் கொண்டுபோய்க் கூடத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். அடி வழுக்கத் தொடங்கினால் கம்பித் தூரிகையால் இரண்டு மூன்று முறை தேய்த்தால் பழைய பிடிமானம் வந்துவிடும்.

என்ன உடுத்துவது?

கால் அகலமாக எடுத்து வைக்க இடம் தரும் எதுவும் சரி. சுடிதாரில் ஆடலாம், துப்பட்டா வேண்டாம். பெரிய வளையல்களையும் மோதிரங்களையும் கழற்றிவிடுங்கள். இணையின் கையைக் கீறும். குளிரூட்டிய கூடத்திலும் வியர்க்கும், ஆகவே மாற்றுச் சட்டை ஒன்றும் சிறு துவாலையும் எடுத்து வருவது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை.

எனக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. தொடங்கலாமா?

தொடங்கலாம். எங்கள் வகுப்பில் எழுபதைக் கடந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி, இதய நோய், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுழற்சிகளைக் குறைத்தும், ஜைவின் துள்ளலை நடையாக மாற்றியும் ஆடலாம்.

நடனம் நினைவாற்றலைக் காக்குமா என்று கேட்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து, 2003இல் வெளியிட்டார்கள். அடிக்கடி நடனமாடியவர்களிடம் முதுமை மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. உடலுழைப்புள்ள மற்ற பொழுதுபோக்குகளுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. நடனம்தான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. உடல்நலம் உள்ளவர்களே தொடர்ந்து ஆடியிருக்கவும் கூடும். இந்த ஆய்வு இல்லாவிட்டாலும் என் பதில் இதேதான்.

எங்கே கற்பது? குழு வகுப்பா, தனி வகுப்பா?

வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்றத்திலிருந்து தொடங்குங்கள். மக்கள் கழகத்தின் இணையத்தளத்தில் வகுப்புகளைத் தேடிப் பதிவு செய்யலாம். தனியார் நடனக் கூடங்களில் தரையும் கண்ணாடியும் மேலாக இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். தனி வகுப்பு குழு வகுப்பைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். முதல் ஆறு மாதத்தில் அதற்குத் தேவையில்லை. ஒரு வகுப்பை நேரில் பார்க்காமல் நீண்டகாலத் தொகுப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் ஆண்டுக் கட்டணத்தை முதல் நாளிலேயே கட்டிவிட்டு, நான்கு மாதத்தில் கூடம் மூடப்பட்டதால் பணத்தை இழந்தார். பத்து வகுப்புக்கு மேல் ஒரே தடவையில் வாங்காமல் இருப்பது என் வழக்கம்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட அது மேல். வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைத் தரையே நல்ல கூடம். காலுறை போட்டுக்கொண்டு மெதுவாகப் பழகுங்கள்; இரவு ஒன்பது மணிக்கு மேல் குதிக்காலணியோடு ஓட்டுத் தரையில் ஆடினால் கீழ்வீட்டாருக்கு அது சுத்தியல் சத்தமாகக் கேட்கும். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எடை மாற்றுங்கள், பிறகு பிடியை விட்டுச் செய்யுங்கள். தாளை வைத்து இழுக்க வீட்டில் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இந்த வேலையை விரும்பிச் செய்வார்கள்.

எவ்வளவு காலத்தில் ஆடத் தெரியும்?

வாரம் ஒரு வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் இருந்தால், மூன்று மாதத்தில் வால்ட்ஸிலும் சா-சா-சாவிலும் ஒரு பாட்டை நிறுத்தாமல் ஆடலாம். திருமண வரவேற்பில் ஆட விரும்பும் மணமக்களுக்கும் இதே கணக்குத்தான். மூன்று வாரத்துக்கு முன் வந்து நிற்பவர்களிடம் இரண்டு அடிகளை மட்டும் எடுத்து அதையே அழகாக ஆடச் சொல்கிறேன். பார்ப்பவர் கண் நிறையும்படி ஆட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

தேர்வும் போட்டியும் கட்டாயமா?

இல்லை. விரும்புவோருக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியான தேர்வுகள் உண்டு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வோரும் உண்டு: உலக நடன விளையாட்டுச் சம்மேளனத்தை அனைத்துலக ஒலிம்பிக் குழு 1997இல் அங்கீகரித்தது, 2005, 2019 தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுகளிலும் இந்த நடனங்கள் இடம்பெற்றன. தேர்வுக்குப் படிப்பதில் ஒரு நன்மை, யாரும் கவனிக்காமல் விட்ட குறையைத் தேர்வாளர் எழுதிக் கொடுத்துவிடுவார்.

முதன்முதலாக ஒரு நடன மாலைக்குப் போகிறேன். எப்படி நடந்துகொள்வது?

வால்ட்ஸ், குவிக்ஸ்டெப் போன்ற நகரும் நடனங்களில் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றுவார்கள். எதிரே வராதீர்கள், நடுவழியில் நிற்காதீர்கள். அடி தவறினால் சிரித்துவிட்டு ஓரமாகவோ நடுப்பக்கமோ ஒதுங்கி, அடுத்த சுற்றின் முதல் தட்டுக்குக் காத்திருந்து தொடருங்கள். ஆடும் இடத்தில் இணைக்குப் பாடம் நடத்த வேண்டாம், அவர் கேட்டாலொழிய. ஒருவர் அழைப்பை மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். நீங்களும் காரணம் சொல்லாமலே மறுக்கலாம். பாட்டு முடிந்ததும் இணையை அவர் இருந்த இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் மாலையில் தெரிந்த இரண்டு நடனங்களை மட்டும் ஆடுங்கள், மற்றவற்றுக்கு உட்கார்ந்து பாருங்கள். நன்றாக ஆடும் வயதான இணை ஒன்று எந்தக் கூடத்திலும் இருக்கும். அவர்களுடைய கால்களை மட்டும் ஒரு முழுப் பாட்டுக்குப் பாருங்கள், எடை எப்போது எந்தக் காலுக்கு மாறுகிறதென்று.